புயல் கூண்டைப் பார்த்துத் தலைப்பு எழுதப் பழகலாம்

'பாம்பனில் 3-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு' என்ற தலைப்பைக் கண்ட, பக்கத்து ஊரான மண்டபத்தின் மீனவர், செய்தியின் முதல் வரிக்கு வருவதற்கு முன்பே வானத்தைப் பார்த்துவிடுவார். இடம், எச்சரிக்கை, அதன் அளவு ஆகிய மூன்றும் அந்தச் சில சொற்களில் இருக்கின்றன; 'பரபரப்பு', 'அதிர்ச்சி' என்று எதுவும் இல்லாமலே அது வாசகரை இழுக்கிறது.

எழுதி முடித்ததும், செய்தியின் சாரத்தை முழு வாக்கியமாக ஒருமுறை எழுதிக்கொண்டு, அது யாரைத் தொடுகிறது என்று கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தைப் பற்றி எழுதுகிறீர்கள் என்றால், 'மீனவர்களுக்கு முக்கிய அறிவிப்பு' என்பது யாரையும் நிறுத்தாது. 'விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடை' என்றால், விசைப்படகுக்காரர் நின்று படிப்பார், நாட்டுப்படகுக்காரர் தமக்கில்லை என்று நகர்ந்துவிடுவார். தேவையற்றவரை அனுப்பிவைப்பதும் தலைப்பின் வேலைதான் என்பது என் கருத்து.

சுருக்கும்போது தமிழில் பெரிய ஆபத்து, வேற்றுமை உருபையும் சொல்லுருபையும் விழுங்கிவிடுவது. 'ராமேஸ்வரம் மீனவர்கள் தாக்குதல்' என்று எழுதினால், அவர்கள் தாக்கினார்களா, தாக்கப்பட்டார்களா? 'மீது' என்ற ஒரே சொல்லைச் சேர்த்து 'ராமேஸ்வரம் மீனவர்கள் மீது தாக்குதல்' என்றால் ஐயம் தீர்கிறது. இரண்டு எழுத்தை மிச்சம் பிடிக்கப் போய்ப் பாதிக்கப்பட்டவரையே குற்றவாளியாக்கும் தலைப்பு, இந்தக் கரையில் சிறு பிழையாகக் கருதப்படாது. 'மீட்ட' போன்ற எச்சங்களிலும் இதே கவனம் வேண்டும்: 'மீனவர்கள் மீட்ட படகு', 'மீனவர்களை மீட்ட படகு' இரண்டும் வேறு வேறு செய்திகள்.

பழைய நிகழ்வுகளைப் பற்றிய கட்டுரைக்கு உணர்ச்சிச் சொற்களைவிடக் காட்சி உதவும். 'தனுஷ்கோடியின் மறையாத சோகம்' என்பதை எவரும் எழுதலாம். '1964 டிசம்பர்: பாம்பனில் புறப்பட்ட ரயில் தனுஷ்கோடியை அடையவில்லை' என்பது ஏன் அடையவில்லை என்ற கேள்வியை வாசகரிடமே விட்டுவிடுகிறது. அந்தக் கேள்விக்குக் கட்டுரை விடை சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த முறை உங்கள் தலைப்பை அவர் நம்பமாட்டார்.

கைபேசித் திரையில் நீண்ட தலைப்பு பாதியில் வெட்டுப்படும் என்பதால், ஊர்ப்பெயரையும் முக்கியச் சொல்லையும் முன்னால் வையுங்கள். கடைசியாக, கட்டுரையைப் படிக்காத ஒருவரிடம் தலைப்பை மட்டும் வாசித்துக்காட்டி, என்ன புரிந்தது என்று கேளுங்கள். அவர் சொல்வதும் நீங்கள் எழுதியதும் வேறாக இருந்தால் தலைப்பைத்தான் திருத்த வேண்டும். விளக்கம் சொல்ல முற்பட வேண்டாம்.