குறைமாதக் குழந்தையைத் தொடும் முறை

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் குறைமாதக் குழந்தையைத் தொடும் முன், அன்றைய உடல்நிலை அதற்கு இடம் தருகிறதா என்று செவிலியரிடம் கேட்டறியுங்கள். மோதிரம், வளையல்களைக் கழற்றி, முழங்கை வரை சோப்பினால் கழுவி, கைகளைக் கதகதப்பாக்கிக்கொள்ளுங்கள்.

தொடக்கத்தில் வருடவே வேண்டாம்; ஒரு கையால் தலையையும் மறு கையால் மடங்கிய கால்களையும் அணைத்தாற்போல் அசையாமல் வைத்திருங்கள், ஏனெனில் அந்த மெல்லிய தோலில் விரல் நுனியால் இலேசாக வருடுவது குழந்தையைக் கலவரப்படுத்தக்கூடும். விரல்களை விறைப்பாக விரித்தாலோ, விக்கல் எடுத்தாலோ சற்றே பொறுங்கள். நிறம் மாறினாலோ, மூச்சுத் தடுமாறினாலோ உடனே செவிலியரை அழையுங்கள்.

உடல்நிலை சீரான பிறகு, மருத்துவர் அனுமதித்தால், தோளிலிருந்து மணிக்கட்டு நோக்கி மிதமான அழுத்தத்துடன் நீவலாம். 1986-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், நாளுக்கு மூன்று முறை 15 நிமிடம் வீதம் நீவப்பட்ட குழந்தைகளுக்கு எடை கூடுதலாக ஏறியது. வீட்டு எண்ணெயை மட்டும், கேட்காமல் பூசிவிடாதீர்கள்.