சாக்கடலில் இறங்குவது எப்படி: ஆற்று நீச்சல்காரர்களுக்கு

பாளையங்கோட்டைப் பக்கமிருந்து எருசலேம் பயணம் போகிறவர்களைப் பெரும்பாலும் சாக்கடலிலும் கொஞ்ச நேரம் இறக்கிவிடுவார்கள். ‘அங்கேதான் முங்கவே முடியாதே, என்ன பயம்?’ என்று கேட்காத ஆள் இல்லை. பயம் இருக்கிறது.

சாதாரணக் கடலில் உப்பு சுமார் 3.5 சதவீதம். சாக்கடலில் 34 வரை. ஒரு லிட்டர் தாமிரபரணித் தண்ணீர் ஒரு கிலோ என்றால், சாக்கடல் தண்ணீர் ஏறக்குறைய 1.24 கிலோ. நம் ஆற்றில், குறுக்குத்துறைப் படித்துறையில் நீந்துகிற மாதிரி குப்புறக் கை வீசினால் கால் மேலே கிளம்பும், முகம் உள்ளே போகும், காலைக் கீழே இறக்க வராது. ஆழமில்லாத இடத்திலும் ஆள் மூழ்குவது இப்படித்தான்.

ஒன்றிரண்டு நாள் முன்பே ஷேவிங்கை நிறுத்துங்கள். சிராய்ப்பில் வாசலின் தடவுங்கள். வெள்ளிக் கொலுசு கறுத்துவிடும், கழற்றிவையுங்கள். ஹவாய் செருப்பு உதவாது, கழன்று மிதக்கும். பின்பட்டை வைத்த ரப்பர் செருப்புதான் என் சிபாரிசு. அடியில் உப்புப் படிகம் காலைக் கிழிக்கும். நீச்சல் கண்ணாடி வேண்டாம். அதைப் போட்டால் குனிந்து பார்க்கத் தோன்றும்.

உயிர்காப்பாளர் இருக்கிற கரையில் மட்டும் இறங்குங்கள். மற்ற இடங்களில் கரையே திடீரெனக் குழியாக உள்வாங்குவது உண்டு. காற்றடித்து அலை எழும்பினால் இறங்காதீர்கள். பைய நடந்து, தண்ணீர் முழங்காலைத் தாண்டியதும் நாற்காலியில் உட்காருகிற மாதிரி பின்னால் சாயுங்கள். மிதப்பீர்கள்.

சரி, எழுந்திருப்பது? என்னைத் திணறவைத்த இடம் இதுதான். காலை நேரே ஊன்றப் பார்த்தால் நடக்காது. முதலில் முழங்கால் இரண்டையும் நெஞ்சுக்கு இழுங்கள். தலையை முன்னே கொண்டுவாருங்கள். கைகளைப் பின்னாலிருந்து இடுப்புக்குக் கீழாக முன்னே இழுங்கள். உடம்பு நிமிர்ந்த பிறகு காலை நீட்டி ஊன்றுங்கள். தற்செயலாகக் குப்புறப் புரண்டுவிட்டால் நிற்க முயல வேண்டாம். வாயை மூடி, தலையைத் தூக்கி, ஒரு கையை உடம்போடு ஒட்டிப் பக்கவாட்டில் உருண்டு மல்லாக்க வாருங்கள். அப்புறம் எழுந்திருக்கலாம். இதை ஊரிலேயே இடுப்பளவு ஆற்றுத் தண்ணீரில் பழகிக்கொண்டு போங்கள்.

தண்ணீரைத் தெறிக்காதீர்கள். ஈரக் கையால் கண்ணைத் தொடாதீர்கள். கரையில் ஒருவர் நல்ல தண்ணீர் பாட்டிலோடு நிற்கட்டும். ஒன்றிரண்டு மடக்கு விழுங்கிவிட்டாலும் உடனே உயிர்காப்பாளரிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போக வேண்டும். மக்னீசியமும் கால்சியமும் ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். பத்துப் பதினைந்து நிமிடம் போதும், பிறகு நல்ல தண்ணீரில் குளியல்.

பின்சேர்க்கை: நீச்சல் தெரியாத மாமியாரை இறக்கலாமா என்று அம்பாசமுத்திரத்து அக்கா ஒருவர் கேட்டிருந்தார். தாராளமாக. ஆளுக்கு ஒரு பக்கமாக இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தம், இதயக் கோளாறு இருந்தால் கிளம்புமுன் மருத்துவரிடம் கேளுங்கள். தூத்துக்குடி உப்பளப் பாத்தியில் பழகலாமா என்று கேட்ட தம்பிக்கு: கூடாது, அது ஒருவருடைய பிழைப்பு.