கொழும்புக்குப் போகுமுன் போனுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியவை

முன்பெல்லாம் லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ ஒருவர் வருகிறார் என்றால் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஒரு வான் நிறைய ஆட்கள் போவார்கள். மாமா காசு மாற்றித் தருவார், ஓட்டோக்காரரோடு பேரம் பேசுவார், யாழ்ப்பாணத்துக்கு ரிக்கெற் எடுத்து வைத்திருப்பார். இப்போது அந்த வேலை முழுவதும் போனுக்கு வந்துவிட்டது. "ஒருத்தரும் வர வேண்டாம், நாங்களே வந்திடுவம்" என்று வட்ஸ்அப்பில் சொல்லிவிட்டு வருகிறோம். நல்லதுதான். ஆனால் மாமாவுக்குத் தெரிந்த பல விஷயம் போனுக்குத் தெரியாது.

முதலில் விசா. 2024 இல் விசா விண்ணப்ப இணையத்தளமே மாறியது. உயர் நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை இடைநிறுத்திய பிறகு இணையத்தில் முன்கூட்டியே பயண அனுமதி எடுக்கும் பழைய இ.ரி.ஏ. முறை திரும்பி வந்தது. அந்த நாட்களில் பகிரப்பட்ட இணைப்புகளை உறவினர் குழுக்களில் யாராவது இன்னும் எடுத்துப் போடலாம். கூகுளில் தேடினால் இடைத்தரகர்களின் விளம்பரமும் மேலே வந்து நிற்கும். முகவரி 'ஜி.ஓ.வி. டொட் எல்.கே.' என்று முடிகிறதா பாருங்கள். இல்லையென்றால் கார்ட் இலக்கத்தைக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது சிம். விமான நிலையத்திலேயே டயலொக், மொபிடெல் கவுண்டர்கள் இருக்கின்றன, பாஸ்போர்ட்டைக் காட்டினால் போட்டுத் தருவார்கள். உள்ளூர் சிம்மைப் போட்டதும் வெளிநாட்டு சிம்மைக் கழற்றி எங்காவது வைத்துவிடுகிறோம், அங்கேதான் பிழை வருகிறது. நானும் அப்படித்தான் செய்தேன். காலி வீதியில் மழைக்கு ஒரு கடை வாசலில் ஒதுங்கி நின்று, ஓட்டோ பிடிக்கும் செயலியில் கார்டைச் சேர்க்கப் பார்த்தேன். வங்கி அனுப்பிய ஆறு இலக்க எண்ணைப் போடு என்றது. அந்த எண் வந்து சேர வேண்டிய சிம் மாமி வீட்டு சூட்கேசுக்குள் கிடந்தது. கையில் உள்ளூர்க் காசும் இல்லை. மழை விட்ட பிறகு நடந்துதான் வீடு போனேன். உங்கள் போன் இரண்டு சிம் ஏற்குமானால், அல்லது ஈசிம் (போனுக்குள்ளேயே பதியும் சிம்) போட முடியுமானால், இரண்டையும் உயிரோடு வைத்திருங்கள். வெளிநாட்டு சிம்மில் டேற்றா ரோமிங்கை மட்டும் நிறுத்திவிடுங்கள். குறுஞ்செய்தி பெறக் காசு பிடிப்பார்களா என்று புறப்படுமுன் உங்கள் நிறுவனத்தைக் கேட்டு வையுங்கள்.

விமான நிலையத்திலிருந்து பிக்மீ, ஊபர் என்ற வாடகை வண்டிச் செயலிகளில் வண்டி பிடித்து வரலாம். 2013 இல் திறந்த அதிவேகப் பாதை கொழும்பு வாசலிலுள்ள பேலியகொட வரை கொண்டு வந்து விடும். ஹைவே காசு வாடகைக்குள் அடங்குமா என்று ஏறுமுன் கேளுங்கள். வீட்டாருக்கு லைவ் லொகேஷன் அனுப்புவதானால் ஒரு மணித்தியாலம் போதாது, எட்டு மணித்தியாலத்தைத் தெரிவு செய்யுங்கள். நான் ஒரு மணித்தியாலம் என்று அனுப்பி, நெரிசலில் மாட்டிக்கொண்டபோது மாமி பதறிப்போய் எடுத்தார்: "பிள்ளை, பேலியகொடயோட உங்கட புள்ளி காணாமப் போச்சு, என்ன நடந்தது?" முன்பென்றால் வான் ஏறி விமான நிலையத்துக்கு வந்திருக்க வேண்டியவர் இப்போது வெள்ளவத்தையில் அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். அது நின்றால் அவருக்கு நெஞ்சு நிற்கும்.

முகவரியில்தான் மிகக் கவனம் வேண்டும். கொச்சிக்கடை என்றால் நமக்குக் கொழும்பு 13, பொன்னம்பலவாணேசர் கோயில், அந்தோனியார் கோயில். நீர்கொழும்புக்கு வடக்கே இன்னொரு கொச்சிக்கடை இருக்கிறது. கட்டுநாயக்காவில் நின்றுகொண்டு வெறும் பெயரை அடித்துத் தெரிவு செய்தால் வண்டி எதிர்த் திசைக்குப் போய்விடும். இடத்தின் பெயரை அடிப்பதை விட, வீட்டார் வாசலில் நின்று அனுப்பும் லொகேஷனை வாங்கி வைப்பது நல்லது.

வீதிப் பெயர்களும் அப்படித்தான். பெரியவர்கள் டூப்ளிகேஷன் றோட் என்பார்கள், கூகுள் மப்பில் ஆர். ஏ. டி மெல் மாவத்தை என்று இருக்கும். டரட் றோட் இப்போது தர்மபால மாவத்தை, புல்லர்ஸ் றோட் பௌத்தாலோக மாவத்தை, கிறீன் பாத் ஆனந்த குமாரசுவாமி மாவத்தை. வெள்ளவத்தை ஒழுங்கைகளில் மப் வாசல் வரை கொண்டு போகும் என்று நம்ப வேண்டாம். சாரதி போன் எடுத்து, சிங்களத்தில் "கொஹேத இன்னே?" என்பார். எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்கிறார். பதிலுக்கு ஒரு கடைப் பெயரோ சவோய் தியேட்டரோ சொன்னால் போதும், உடனே புரிந்துகொள்வார். ஒழுங்கைக்குள் காத்திருக்காமல் காலி வீதிக்கோ மரீன் டிரைவுக்கோ நடந்து வந்து நின்றால் இன்னும் சுலபம். பல சாரதிகளுக்குக் கார்டை விடக் காசுதான் விருப்பம், அதனால் சில்லறைத் தாள்கள் கையில் இருக்கட்டும்.

யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு: ரயிலில் ஆசனப் பதிவு 30 நாளைக்கு முன் திறக்கும், விடுமுறைக் காலத்தில் சட்டென்று முடிந்துவிடும். வெள்ளவத்தையிலிருந்து இரவில் புறப்படும் பஸ்களுக்கும் இணையத்தில் ஆசனம் எடுக்கலாம். எந்த இடத்தில் ஏற வேண்டும் என்பதை மட்டும் போனில் கேட்டு உறுதி செய்யுங்கள். அவசரத்துக்கு 1990 இலவச அம்புலன்ஸ், 119 பொலிஸ், அரச தகவல்களுக்கு 1919. மூன்றையும் இப்போதே போனில் சேமித்துவிடுங்கள்.

அப்புறம், படங்கள். கோயிலுக்குள் போன் பைக்குள் இருக்கட்டும். இராணுவ முகாம், சோதனைச் சாவடிப் பக்கம் கமராவைத் திருப்ப வேண்டாம். பேஸ்புக்கில் பதிவு போடுமுன் இருமுறை யோசியுங்கள். தடைசெய்யப்பட்ட இயக்கத்தின் சின்னங்களையும் படங்களையும் பகிர்ந்தவர்கள் 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதாகியிருக்கிறார்கள். இணையத்தில் போடும் பதிவுகளைக் கட்டுப்படுத்த 2024 இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்திருக்கிறது. நீங்கள் மூன்று கிழமையில் திரும்பிவிடுவீர்கள். வீட்டின் படத்தையும் வீட்டாரின் முகத்தையும் போட்டால், கேள்வி வரும்போது பதில் சொல்ல அங்கே இருப்பவர்கள் அவர்கள்தான். கேட்காமல் போடாதீர்கள்.

சுற்றிப் பார்க்கத் தாமரைக் கோபுரம், காலிமுகத்திடல் என்று யூடியூப்பில் நூறு வீடியோ இருக்கிறது, அதை நான் சொல்லத் தேவையில்லை. ஒரு பின்னேரத்தை மட்டும் வீட்டுக்காக ஒதுக்குங்கள். மாமியிடமோ அம்மம்மாவிடமோ பழைய அல்பத்தைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு பக்கமாகப் போனில் படம் எடுங்கள். பக்கத்தில் குரல்பதிவை ஓட விட்டு, இது யார், எந்த ஊர், யாருடைய கலியாணம் என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் ஒரே படத்துக்கு இருபது நிமிடம் போனது, பின்வரிசையில் பாதி முகம் மட்டும் தெரிந்த ஒரு பையன் என் அப்பா என்று அன்றுதான் அறிந்தேன். பகல் வெளிச்சத்தில், யன்னலோரம் அல்பத்தை வைத்து எடுங்கள். பதிவு ஓடும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், அதன் சத்தத்தில் அம்மம்மாவின் குரல் கேட்காது.