வி.ஜி.டி. டர்போ: பொத்திப் பொத்தி ஓட்டினாலும் கெடும்

டீசல் காரை விரட்டாமல், டாப் கியரிலேயே உருட்டிக்கொண்டு போனால் எஞ்சின் நாள்பட உழைக்கும் என்று நம்புகிறவர்கள் மதுரையில் நிறைய. வி.ஜி.டி. (வேரியபிள் ஜியோமெட்ரி டர்போ), அதாவது புகை போகும் வழியைக் கூட்டிக் குறைக்கும் டர்போ உள்ள வண்டியை மெல்ல மெல்லக் கெடுப்பது இந்தப் பழக்கம்தான்.

எஞ்சினிலிருந்து வரும் சூடான புகை டர்பைன் சக்கரத்தைச் சுற்ற, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் கம்ப்ரசர் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும். எல்லா டர்போவும் இப்படித்தான். வி.ஜி.டி.யில் கூடுதலாக டர்பைனைச் சுற்றி அசையும் சிறு தகடுகள் உண்டு. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது அவை நெருங்கி வழியைக் குறுக்கும். குழாய் வாயைக் கட்டைவிரலால் அமுக்கினால் தண்ணீர் பீறிடுமே, அதுபோல் புகை வேகமெடுக்கும். எஞ்சின் வேகம் கூடக்கூடத் தகடுகள் விரிந்து வழிவிடும். பழைய ஸ்விஃப்ட் டீசலில் 75 குதிரைத்திறன் தந்த அதே 1.3 லிட்டர் எஞ்சின் எர்டிகாவில் 90 தந்ததற்கு முக்கியக் காரணம் இந்த டர்போ.

காளவாசலுக்கும் கோரிப்பாளையத்துக்கும் இடையே தினமும் ஊர்ந்தால் தகடுகள் பெரும்பாலும் ஒரே நிலையில் நிற்கும், கரி படியும். அப்புறம் ஒருநாள் ஏற்றத்தில் அழுத்தும்போது அவை நகராது. செக் லைட் எரிந்து இழுவை போய்விடும். வண்டியை அணைத்துப் போட்டால் சரியாகும், அடுத்த ஏற்றத்தில் மறுபடி அதே கதை. இப்படி நடந்தால் தகடு ஒட்டுகிறது என்றே முதலில் சந்தேகப்படலாம். வாரம் ஒருமுறை, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, நான்குவழிச் சாலையில் ஒரு கியர் குறைத்து 2500, 3000 ஆர்.பி.எம்.மில் கால்மணி நேரம் ஓட்டுங்கள். டீசல் கொஞ்சம் கூடச் செலவாகும், போகட்டும்.

வத்தலக்குண்டிலிருந்து மலையேறி, வெள்ளி நீர்வீழ்ச்சியில் நிறுத்திய கையோடு சாவியைத் திருப்புவது இன்னொரு தவறு. நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றக்கூடிய தண்டு அது. மெல்லிய ஆயில் படலத்தில் மிதக்கிறது. ஓட்டம் நின்ற ஆயில் அந்தச் சூட்டில் கருகிக் கட்டியாகும். ஒரு நிமிடம் ஐடிலில் விட்டால் போதும். ஊருக்குள் மெதுவாக வந்து நிறுத்தும்போது அதுவும் தேவையில்லை. ஏசிக்காக அரைமணி நேரம் ஐடிலில் போடுவது கரியைத்தான் கூட்டும்.

மேலூர் குவாரிப் பக்கம் ஓடும் வண்டிக்கு ஏர் ஃபில்டரைக் காற்றடித்துக் காற்றடித்தே ஓட்டாதீர்கள். பேப்பர் நைந்தால் உள்ளே போகும் தூசி கம்ப்ரசர் இறக்கைகளை அரித்துவிடும்.

பணத்தை அதிகம் தின்பது, ஸ்கேனில் பி0299 (P0299) என்ற கோளாறுக் குறியீடு வந்ததும் டர்போவையே மாற்றுவது. அழுத்தம் போதவில்லை என்பதற்கு மேல் அந்தக் குறியீடு எதுவும் சொல்லாது. அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸில் விரிசல், வேக்குவம் குழாய் கழன்றது, வேக்குவத்தைக் கட்டுப்படுத்தும் சோலனாய்டு வால்வு பழுது என எதுவாகவும் இருக்கலாம். தகடுகளை அசைக்கும் ஆக்சுவேட்டர் வேக்குவத்தில் இயங்குவது என்றால் கைப்பம்பு வைத்து இழுத்து, கம்பி தங்குதடையின்றி நகர்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தகடுகள் எந்த அளவுக்கு மூடலாம் என்று நிர்ணயிக்கும் ஸ்குரூவை மட்டும் யாரும் திருகவிடாதீர்கள். அது தொழிற்சாலையில் அளந்து வைத்தது. கடைசியில் டர்போவை மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், ஆயில், ஃபில்டரோடு டர்போவுக்குப் போகும் ஆயில் குழாயையும் புதிதாகப் போடுங்கள். பழைய குழாயில் கரி அடைத்திருந்தால் புது டர்போவுக்கும் ஆயில் போகாது.