நடைபாதையை மறிக்கும் மோட்டார் சைக்கிள்கள்: மிரட்டாமல் மனத்தை மாற்றும் செய்முறை

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் நடைபாதைகளில் பார்வையற்றோர்க்கு வழிகாட்டப் பதித்திருக்கும் மஞ்சள் ஓடுகளின்மேல் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றால், பார்வையுள்ளவர் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடலாம். வெள்ளைக் கோலுடன் நடப்பவரின் நிலை வேறு. தரையைத் தடவிவரும் கோல் இரண்டு சக்கரங்களுக்கும் இடையே புகுந்துவிடுவதால், வண்டி இருப்பதை அது சொல்வதற்குள் நெஞ்சு உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடி அவர்மேல் இடித்துவிடுகிறது. வண்டி அப்போதுதான் வந்து நின்றிருந்தால் புகைக்குழாய் கெண்டைக்காலைச் சுட்டுவிடும். 1951-இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் இங்கே ஜாலான் தெபிங்கில்தான் இருக்கிறது என்பதால், நம் வட்டாரத்தில் இது என்றோ ஒருநாள் நேரும் விபத்து அன்று, அன்றாடத் துன்பம்.

கடைக்காரர்கள், அடுக்குமாடி நிர்வாகக் குழுவினர், கோவில் நிர்வாகத்தினர், குடியிருப்பாளர்கள் என இத்துறையில் முன்னனுபவம் இல்லாத எவரும் பின்பற்றக்கூடிய வழிமுறையை இங்கே விளக்குகிறேன். சம்மன் எனப்படும் அபராத அறிவிப்பு தேவைதான்; ஆனால் அதிகாரி தெருமுனையைத் தாண்டியதும் அதன் வேகம் குறைந்துவிடுகிறது. வண்டியை நிறுத்துபவர்களில் பெரும்பாலோர் யாரையும் துன்புறுத்த நினைப்பவர்கள் அல்லர். ‘இங்கே நிறுத்தலாம்’ என்று அந்த இடமே அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த இடம் சொல்வதை மாற்றுவதே நம் வேலை.

படி 1: பலகை எழுதுவதற்கு முன் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்

ஒரு குறிப்பேட்டில் நடைபாதையின் எளிய வரைபடத்தை வரைந்து, காலையிலும், வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகள் நிரம்பி வழியும் மதிய வேளையிலும், வேலை முடிந்து மக்கள் திரும்பும் மாலையிலும் எந்தெந்த இடத்தில் எத்தனை வண்டிகள் நிற்கின்றன என்று புள்ளியிடுங்கள். வெள்ளிக்கிழமையைத் தனியாகக் குறியுங்கள். தொழுகைக்கும் கோவிலுக்கும் வருவோரால் அன்றைய நிலவரம் மாறுபடும். ஒவ்வொரு வண்டியும் ஏறத்தாழ எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதும் தேவை. ஐந்து நிமிடத்தில் உணவுப் பொட்டலத்துடன் கிளம்பும் விநியோகிப்பாளரும், காலையில் நிறுத்தி இரவில் எடுக்கும் கடை ஊழியரும் ஒரே சொல்லுக்கு இணங்கமாட்டார்கள். படம் எடுப்பதானால் வண்டி எண்களைத் தவிர்த்துவிடுங்கள். யாரையும் அம்பலப்படுத்துவது நம் நோக்கமன்று.

பிறகு ஓட்டுநர்களிடம் பேசுங்கள். “ஏன் இங்கே நிறுத்துகிறீர்கள்?” என்று கேட்டால் குற்றம் சாட்டுவதுபோல் ஒலிக்கும், “இந்தப் பக்கம் வண்டி நிறுத்த வசதியாக இருக்கிறதா, தம்பி?” என்று தொடங்கினால் காரணம் தானாக வெளிவரும். ஹெல்மெட் திருடு போகும் பயம், கண்ணெதிரே வண்டி இருக்க வேண்டும் என்ற எண்ணம், மழையும் வெயிலும், வேறு இடம் எங்கே என்று தெரியாமை ஆகியவற்றில் ஒன்றாகத்தான் அது பெரும்பாலும் இருக்கும். மஞ்சள் ஓடுகள் எதற்கு என்றே அறியாதவர்களும் உண்டு. நீண்ட கோடுகள் உள்ள ஓடு ‘நேராகச் செல்க’ என்றும், புள்ளிகள் உள்ள ஓடு ‘நில், கவனி’ என்றும் பாதங்களுக்கும் கோலுக்கும் உணர்த்துகின்றன. ஜப்பானியரான செய்இச்சி மியாகே 1965-இல் வடிவமைத்த இவ்வோடுகள், 1967-இல் ஒகயாமா நகரில் முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. இந்த விவரத்தை ஓரிரு வாக்கியத்தில் சொன்னாலே சிலர் வண்டியை நகர்த்திவிடுவார்கள்.

படி 2: மாற்று இடத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

‘இங்கே வேண்டாம்’ என்று சொல்பவர் ‘அங்கே நிறுத்துங்கள்’ என்றும் சொல்லக் கடமைப்பட்டவர். மிக அருகில் உள்ள மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்துக்கு நீங்களே நடந்து பாருங்கள். ஆகும் நேரத்தைக் குறித்துக்கொண்டு அதையே பலகையில் எழுதுங்கள். அருகில் இடமே இல்லையென்றால், டிபிகேஎல் எனப்படும் கோலாலம்பூர் மாநகர் மன்றத்துக்கு உங்கள் வரைபடத்தையும் எண்ணிக்கையையும் இணைத்து விண்ணப்பம் எழுதுவதுதான் முதல் வேலை. ‘நிறைய வண்டிகள் நிற்கின்றன’ என்ற புகாரைவிட, நாள், நேரம், இடம் குறித்த அட்டவணை அதிகாரிக்கு முடிவெடுக்க உதவும். ஹெல்மெட் பயம்தான் காரணம் என்றால், கடைக்குள் ஒரு நிலைத்தட்டு வைத்து ஹெல்மெட்டை வாங்கி வைத்துக்கொள்வது எந்தப் பலகையையும்விட வலிமையான தூண்டுதல். சைக்கிளில் வருவோருக்கு, பூட்டுச் சங்கிலியை மாட்ட உறுதியான கம்பி ஒன்று தேவை. அது இல்லாதபோதுதான் அவர்கள் நடைபாதைக் கைப்பிடிக் கம்பியைத் தேடுகிறார்கள்.

படி 3: முதல் வண்டி நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்

நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் நடத்தப்பட்டு 2008-இல் வெளியான ஆய்வு நமக்கு மிகவும் பயன்படக்கூடியது. ஒரு கார் நிறுத்துமிடத்தின் வேலியில் இரண்டு தடைகள் எழுதப்பட்டிருந்தன: வேலியில் சைக்கிளைப் பூட்டக்கூடாது; இடைவெளி வழியே உள்ளே நுழையக்கூடாது, சற்றுத் தள்ளியிருக்கும் வழியாகச் சுற்றிச் செல்ல வேண்டும். சைக்கிள்கள் வேலியைத் தொடாமல் தள்ளி நின்றபோது 27 விழுக்காட்டினர் இடைவெளியில் நுழைந்தனர். அதே சைக்கிள்கள் வேலியில் பூட்டப்பட்டிருந்தபோது 82 விழுக்காட்டினர் நுழைந்தனர். ஒரு விதி மீறப்பட்டிருப்பதைக் கண்ணால் பார்ப்பவருக்கு மற்றொரு விதியும் தளர்ந்துவிடுகிறது.

நம் தெருவுக்கு இதன் பொருள் தெளிவானது. காலையில் கடை திறக்கும்போது அந்த இடம் வெறுமையாகவும் சுத்தமாகவும் இருக்க வேண்டும். எண்ணெய்க் கறை, கிழிந்த சுவரொட்டி, கைவிடப்பட்டுத் துருப்பிடித்த சைக்கிள் ஆகியவை இருந்தால் அவற்றை அகற்ற ஏற்பாடு செய்யுங்கள். உரிமையாளர் தெரியாத வண்டியை நீங்களாகத் தூக்காமல் மாநகர் மன்றத்துக்குத் தெரிவியுங்கள். முதல் வண்டி பெரும்பாலும் அக்கம்பக்கத்துக் கடை ஊழியருடையதாகவே இருக்கும். வாடிக்கையாளரைத் திருத்துவதற்கு முன் நம் ஊழியரிடம் பேசிவிட்டால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

படி 4: பலகையின் வாசகம்

இந்தப் படிக்கு நேரம் ஒதுக்குங்கள். பெரும்பாலோர் பிழை செய்யும் இடம் இது. ‘இங்கே தினமும் பலர் சட்டவிரோதமாக வண்டி நிறுத்துகிறார்கள்!’ என்று எழுதினால், எல்லாரும் நிறுத்துகிறார்கள் என்ற செய்திதான் வாசிப்பவர் மனத்தில் தங்கும். அமெரிக்காவின் அரிசோனாவில், கல்லாகிப்போன தொன்மையான மரங்கள் உள்ள தேசியப் பூங்காவில் உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் உடன் பணியாற்றியோரும் இதைச் சோதித்தனர். முன்பு வந்த பலர் மரத்துண்டுகளை எடுத்துச் சென்றுவிட்டதாகக் கூறிய பலகை இருந்த பாதையில், அடையாளமிட்டு வைத்த துண்டுகளில் 7.92 விழுக்காடு காணாமற்போயின. எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட பலகை இருந்தபோது அது 1.67 விழுக்காடாக இருந்தது. ஆகவே கெட்ட பழக்கத்தின் பெருக்கத்தை விளம்பரப்படுத்தாதீர்கள்.

அடுத்தது காரணம். உளவியலாளர் எலன் லேங்கர் 1978-இல் வெளியிட்ட ஆய்வில், நகல் இயந்திர வரிசையில் ஐந்து பக்கங்களுக்கு வழிவிடக் கேட்டபோது, வெறுமனே கேட்டவர்களுக்கு 60 விழுக்காட்டினரும் காரணம் சொன்னவர்களுக்கு 94 விழுக்காட்டினரும் இணங்கினர். இருபது பக்கங்கள் என்றபோது நிலைமை மாறியது: வெறும் கோரிக்கைக்கு 24, ‘நகல் எடுக்க வேண்டும்’ என்பதுபோன்ற பொருளற்ற காரணத்துக்கும் அதே 24, உண்மையான காரணத்துக்கு 42. வெயிலில் சற்றுத் தொலைவு நடக்கச் சொல்வது சிறிய உதவியன்று. எனவே நம் காரணம் மெய்யானதாகவும் கண்ணுக்குத் தெரிவதாகவும் இருக்க வேண்டும்.

அதட்டல் எதிர்விளைவைத் தரும். தன் சுதந்திரம் பறிக்கப்படுவதாக உணரும் மனிதர் அதை மீட்டுக்கொள்ளவே முயல்வார் என்பதை உளவியலாளர் ஜேக் பிரெம் 1966-இலேயே விளக்கினார். சிவப்பு எழுத்தில் மூன்று வியப்புக்குறிகளுடன் மிரட்டும் பலகையைப் பார்க்கும் இளைஞர் வேண்டுமென்றே அதன் கீழேயே வண்டியைச் சாய்ப்பதற்கு இதுதான் காரணம். நான் பரிந்துரைக்கும் வாசகம் இது:

“வெள்ளைக் கோலுடன் நடப்பவர்களுக்கு இந்த மஞ்சள் ஓடுகள்தான் வழி. தயவுசெய்து வழி விடுங்கள். மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடம் இடப்பக்கம், இரண்டு நிமிட நடை. நன்றி.”

இதை முதலில் மலாய் மொழியிலும் பிறகு தமிழ், சீனம், ஆங்கிலத்திலும் எழுதுங்கள். வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் மிகுதியாக வேலை செய்யும் தெருவாயின் அவர்கள் மொழியையும் சேர்க்கலாம். கோலுடன் நடக்கும் ஒருவரின் எளிய உருவமும் அம்புக்குறியும் இருந்தால், எழுத்தை வாசிக்க நேரமில்லாதவருக்கும் செய்தி போய்ச் சேரும். ஓட்டுநர் வண்டியை நிறுத்தித் தாங்கியைத் தட்டிவிட்ட பிறகு கண்ணில் படும் பலகையால் பயன் குறைவு. வேகத்தைக் குறைத்துத் திரும்பும் இடத்தில் அது தெரிய வேண்டும். பொது இடத்தில் பலகை பொருத்த மாநகர் மன்றத்தின் அனுமதி வேண்டும். உங்கள் கடைக் கண்ணாடிக்கு உட்புறம் ஒட்டித் தொடங்குவது எளிது.

படி 5: சிறிய ஒப்புதலிலிருந்து தொடங்குங்கள்

வரிசையில் உள்ள கடைக்காரர்களிடம் முதல் நாளே பெரிய பொறுப்பைக் கேட்காதீர்கள். உளவியலாளர்கள் ஃப்ரீட்மனும் ஃப்ரேசரும் 1966-இல் நடத்திய ஆய்வில், வீட்டு முன்றிலில் பெரிய பாதுகாப்பு விளம்பரப் பலகை வைக்க நேரடியாகக் கேட்டபோது 17 விழுக்காட்டுக்கும் குறைவானோரே சம்மதித்தனர். பாதுகாப்பாக வண்டி ஓட்டுவது பற்றிய சிறிய அட்டையை முன்னரே ஏற்றுக்கொண்டவர்களிடம் அதே வேண்டுகோள் வைக்கப்பட்டபோது 76 விழுக்காட்டினர் சம்மதித்தனர். எனவே உள்ளங்கை அளவு ஒட்டுவில்லையுடன் தொடங்கி, பிறகு ஊழியரிடம் பேசச் சொல்லுங்கள், அதற்குப் பின் ஹெல்மெட் தட்டு பற்றிக் கேளுங்கள். வழக்கமாக வரும் உணவு விநியோகிப்பாளர்களிடம் கடைக்காரர் நேரில் “அண்ணே, கொஞ்சம் அந்தப் பக்கம் நிறுத்துங்களேன், கண் தெரியாதவர்கள் வருகிறார்கள்” என்று சொன்னால், அதற்கு ஈடான அச்சுப் பலகை கிடையாது. சொன்னபடி செய்தவருக்கு அப்போதே நன்றி சொல்லிவிடுங்கள்.

செய்யக்கூடாதவை

சுவரில் தெய்வப் படங்களைப் பதித்து அசுத்தத்தைத் தடுக்கும் வழக்கம் தமிழகத்தில் உண்டு, ஆகவே இந்த யோசனையை யாரேனும் நிச்சயம் முன்வைப்பார்கள். பல சமயத்தார் பகிர்ந்துகொள்ளும் நம் தெருக்களில் இதைத் திட்டவட்டமாக மறுத்துவிடுங்கள். ஒரு வண்டியை நகர்த்துவதற்காக யாருடைய நம்பிக்கையையும் கருவியாக்கக்கூடாது, அந்தப் படத்தின்மேல் வண்டி சாய்ந்தாலோ புதிய சச்சரவு பிறக்கும். மாநகர் மன்றத்தின் சின்னத்தைப் போட்டுப் போலி அறிவிப்பு ஒட்டுவதும், காற்றைப் பிடுங்கிவிடுவதும், சங்கிலி போட்டுப் பூட்டுவதும் நம்மையே சட்டத்துக்கு எதிரே நிறுத்திவிடும். பூந்தொட்டி, நாற்காலி, கூம்பு ஆகியவற்றை நடைபாதையில் அடுக்குவதும் தீர்வாகாது. 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் நடைபாதையில் ஏற்படுத்தும் இடையூறுகளையும் குற்றமாகக் கருதுகிறது. அதோடு, கோலுடன் வருபவருக்குத் தொட்டியும் மோட்டார் சைக்கிளும் ஒன்றுதான்.

படி 6: மீண்டும் எண்ணுங்கள், பக்கத்துத் தெருவிலும் எண்ணுங்கள்

படி 1-இல் குறித்த அதே கிழமைகளில், அதே நேரங்களில் மறுபடியும் எண்ணுங்கள். மழை நாளை மழை நாளுடனும் தீபாவளிக்கு முந்திய கூட்டத்தை அதே போன்ற கூட்டத்துடனும் மட்டுமே ஒப்பிட வேண்டும். ஒரே நேரத்தில் பலகை, தட்டு, பேச்சு மூன்றையும் தொடங்கினால் எது பலன் தந்தது என்று தெரியாமல் போய்விடும். ஒவ்வொன்றாகச் சேர்த்து, இடையில் சில வாரங்கள் விடுங்கள். புதிய பலகைக்குத் தொடக்கத்தில் கிடைக்கும் கவனம் நாளடைவில் மங்குவது இயல்பு.

பக்கத்துத் தெரு ஏன் என்பதற்கு இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகம் பதில் சொல்கிறது. அங்கே சைக்கிள் திருட்டைத் தடுக்க, உற்றுநோக்கும் கண்களின் படத்தோடு எச்சரிக்கைப் பலகைகளை மூன்று நிறுத்துமிடங்களில் வைத்தனர். 2012-இல் வெளியான முடிவின்படி அவ்விடங்களில் திருட்டு 62 விழுக்காடு குறைந்தது. பலகை இல்லாத மற்ற இடங்களில் 65 விழுக்காடு கூடியது. நம் கடை வாசல் காலியாகி, அடுத்த சந்தில் உள்ள சக்கர நாற்காலிச் சரிவுப் பாதை அடைபட்டிருந்தால் அதை வெற்றிக் கணக்கில் சேர்க்கக்கூடாது. அப்படி நகர்ந்திருந்தால் படி 2-க்குத் திரும்புங்கள், ஏனெனில் மாற்று இடம் போதவில்லை என்பதே அதன் பொருள். இரு தெருக்களின் எண்ணிக்கையையும் ஒரே அட்டவணையில் சேர்த்து, கூடுதல் நிறுத்துமிடம் கோரும் விண்ணப்பத்தை அந்தத் தெருக் கடைக்காரர்களின் கையொப்பத்துடன் மாநகர் மன்றத்துக்கு அனுப்புங்கள்.