மேல்தட்டு வழிந்தது, கீழ்த்தட்டு வேகவில்லை: சூளையில் சீரான வெப்பம் கிடைக்காததற்கான தவறுகள்

ஒரே மண், ஒரே வாளியில் முக்கி எடுத்த கிளேஸ் (சுடும்போது உருகிக் கண்ணாடிப் பூச்சாகும் கலவை), ஒரே சுடல். ஆனால் சூளையைத் திறந்தால் மேல்தட்டுக் கிண்ணம் வழிந்து தட்டோடு (பாத்திரம் அடுக்கும் பலகையோடு) ஒட்டிக் கிடக்கிறது, நடுத்தட்டில் இருப்பது கண்ணாடி போல மின்னுகிறது, அடித்தட்டில் இருப்பதோ சொரசொரவென்று உருகாமலே நிற்கிறது. மண்பாண்டம் செய்கிற எவருக்கும் இந்தக் காட்சி பழக்கம்தான். பல வாரங்கள் வனைந்து, காயவைத்து, வண்ணம் தீட்டியது ஒரே இரவில் கெட்டுப்போவதைப் பார்க்க மனசு தாங்காது.

எனக்கும் இது நடந்தது. அடித்தட்டு தொடர்ந்து குறைவாகவே வெந்தது. காயில் (மின்சூளையைச் சூடாக்கும் கம்பிச் சுருள்) பலவீனமாகிவிட்டது என்று முடிவுகட்டிக் கீழ்ப்பகுதிக் காயில்களை மாற்றினேன். அடுத்த சுடலில் ஒரு மாற்றமும் இல்லை. காரணம் காயிலில் இல்லை, நான் அடுக்கிய விதத்தில் இருந்தது. அடித்தட்டைத் தரையோடு ஒட்டி வைத்து, அதன்மேல் தட்டையான பாத்திரங்களை நெருக்கி அடுக்கி, அதற்கு மேலேயே இன்னொரு தட்டைக் குட்டையான முட்டுகளில் நிறுத்தியிருந்தேன். சூளை சீராக வேகவில்லை என்றால் பெரும்பாலும் கை முதலில் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலருக்கோ பர்னருக்கோ போகிறது. போக வேண்டிய இடம் அடுக்கும் முறைதான்.

அதற்கும் முன்னால் இன்னொரு தவறு இருக்கிறது.

திரையில் தெரியும் எண்ணை மட்டும் நம்புவது

கன்ட்ரோலர் 1220 டிகிரி என்று காட்டினால், அது தெர்மோகப்பிள் என்ற வெப்ப உணரியின் நுனி இருக்கும் இடத்தின் வெப்பம். அங்கிருந்து ஒரு முழம் தள்ளி இருக்கும் குவளையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அது மட்டுமில்லை. மண்ணும் கிளேஸும் வெறும் வெப்பநிலைக்கு மாறுவதில்லை. எவ்வளவு வெப்பத்தில் எவ்வளவு நேரம் இருந்தன என்பதும் சேர்ந்துதான் அவற்றை வேகவைக்கிறது. இதை அளப்பதற்காகத்தான் ஜெர்மனியில் ஹெர்மன் சேகர் 1880களில், போதிய அளவு வெந்ததும் சாய்ந்துவிடும் சுடல் கூம்புகளை உருவாக்கினார். கூம்பும் கிளேஸ் போன்ற பொருட்களால் ஆனது, ஆகவே அதைப் போலவே நடந்துகொள்கிறது. கூம்பு தயாரிக்கும் ஆர்ட்டன் நிறுவனத்தின் 6ஆம் எண் பெரிய கூம்பை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசிக் கட்டத்தில் மணிக்கு 60 டிகிரி செல்சியஸ் வேகத்தில் ஏற்றினால் சுமார் 1222 டிகிரியில் சாயும். மணிக்கு 150 டிகிரி வேகத்தில் ஏற்றினால் சுமார் 1243 டிகிரி வரை நின்றுவிட்டுத்தான் சாயும். ஒரே கூம்பு, ஆனால் 20 டிகிரிக்கும் மேல் வித்தியாசம்.

எனவே ஒவ்வொரு தட்டிலும் கூம்பு வையுங்கள். 6ஆம் எண்ணுக்குச் சுடுகிறீர்கள் என்றால் சற்று முன்பே சாயும் 5, இலக்கான 6, சற்றுப் பிந்திச் சாயும் 7 என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள். பெரிய சூளை என்றால் முன்பக்கம், பின்பக்கம் இரண்டிலும் வேண்டும். காயிலுக்கு மிக அருகிலோ பெரிய ஜாடியின் மறைவிலோ வைத்தால் அந்த இடத்தின் கதையை மட்டும்தான் சொல்லும். திறந்ததும் எது எவ்வளவு சாய்ந்தது என்று சூளையின் படம் வரைந்து குறித்து வையுங்கள். நாலைந்து சுடலுக்கு இப்படிச் செய்தால் உங்கள் சூளையின் குளிர்ந்த மூலை எது, சூடான மூலை எது என்று தெரிந்துவிடும். இந்த வரைபடம் இல்லாமல் எதைத் திருத்தினாலும் இருட்டில் கை வீசுவதுதான்.

அடுக்கும்போது வரும் தவறுகள்

சூளைக்குள் மங்கலான சிவப்பு தெரிய ஆரம்பித்த பிறகு, அதாவது ஏறக்குறைய 600 டிகிரியைத் தாண்டியதும், வெப்பம் பெரும்பாலும் கதிர்வீச்சாகத்தான் பரவுகிறது. கதிர் வெளிச்சத்தைப் போல நேர்கோட்டில் போகும். காயிலையோ சூடான சுவரையோ நேராகப் பார்க்கிற பாத்திரம் முதலில் சூடேறும். அதன் பின்னால் நிழலில் நிற்கிற பாத்திரம் பிந்தித்தான் சூடேறும். அடுக்கி முடித்ததும் ஒரு நிமிடம் நின்று, காயில் இருக்கும் இடத்தில் உங்கள் கண் இருப்பதாக நினைத்துப் பாருங்கள். நடுவில் இருக்கும் பாத்திரம் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் வெப்பமும் அங்கே சுற்றி வளைத்துத்தான் போகும்.

எடையையும் பலர் மறந்துவிடுகிறார்கள். சூளைக்குள் சூடேற வேண்டியது பாத்திரம் மட்டுமில்லை, தட்டுகளும் முட்டுகளும் சேர்ந்துதான். சில சுடல்களில் பாத்திரங்களைவிடத் தட்டுகளின் எடை அதிகமாக இருக்கும். குட்டை முட்டுகளில் நெருக்கமாக நாலைந்து தட்டுகளை அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஓடுகளைப் பரப்பினால், அந்தப் பகுதி ஒரு பெரிய கல்லைப் போல வெப்பத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். தட்டின் ஓரம் சிவந்திருக்கும்போது நடு இன்னும் கறுப்பாக இருக்கும். அகலமான தட்டையான பாத்திரங்கள் வெடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே குளிர்ந்த பகுதியில் இளக்கமாக அடுக்குங்கள், உயரமான பாத்திரங்களை அங்கே வையுங்கள். நெருக்கமான அடுக்கைச் சூடான பகுதிக்குக் கொண்டுபோங்கள். மின்சூளைகளில் தரையிலும் மூடியிலும் பெரும்பாலும் காயில் இருக்காது. அதனால் அடியும் உச்சியும் பின்தங்குவது இயல்பு. அடித்தட்டைத் தரையில் ஒட்டி வைக்காமல் இரண்டு சென்டிமீட்டர் அளவு உயர்த்தி வையுங்கள், காற்று அடியில் புகுந்து போகட்டும். பாத்திரங்களுக்கும் காயிலுக்கும் இடையில் இரண்டு விரல் இடமாவது விடுங்கள். முழுத் தட்டுகளுக்குப் பதில் அரைத் தட்டுகளை வெவ்வேறு உயரத்தில் வைத்தால் வெப்பம் நடுவுக்குப் போக வழி கிடைக்கும். எனக்கு மிகப் பெரிய மாற்றம் தந்தது இதுதான்.

தெர்மோகப்பிளுக்குப் பக்கத்திலேயே ஒரு தட்டின் விளிம்பு வந்துவிடுவது இன்னொரு பிழை. தட்டு மெதுவாகச் சூடேறுவதால் அந்த இடம் உண்மையைவிடக் குளிர்ச்சியாகத் தெரியும். கன்ட்ரோலர் இன்னும் சூடு போதவில்லை என்று நினைத்து மற்ற இடங்களை அதிகமாக வேகவைத்துவிடும். அந்த உயரத்தில் தட்டின் விளிம்பு வராதபடி முட்டுகளைத் தேர்ந்தெடுங்கள்.

பாதி காலியான சூளையும் ஆபத்துதான். காலி இடம் சட்டென்று சூடேறும், சட்டென்று குளிரும். பாத்திரம் போதவில்லை என்றால் காலி இடத்தில் வெறும் தட்டுகளையாவது வைத்து எடையைச் சமப்படுத்துங்கள்.

அவசரம்

சூளையின் உள்வெப்பம் சமமாக நேரம் வேண்டும். கடைசி 100 டிகிரியை வேகமாக ஏற்றினால், வெளிவட்டம் இலக்கைத் தொடும்போது உள்வட்டம் பின்னால் இருக்கும். அந்தக் கட்டத்தில் மணிக்கு 60 டிகிரி போன்ற நிதானமான வேகம் நல்லது. உச்சியை எட்டியதும் 10 முதல் 20 நிமிடம் அதே வெப்பத்தில் நிறுத்திப் பிடித்தால் வித்தியாசம் இன்னும் குறையும்.

ஆனால் இங்கேயும் ஒரு தவறு உண்டு. முன்பு இருந்த உச்ச வெப்பத்தை அப்படியே வைத்துக்கொண்டு மேலதிகமாக நிறுத்தினால், நிறுத்திய நேரமும் வேகவைக்கும். கீழ்த்தட்டைச் சரிசெய்யப் போய் மேல்தட்டு வழிந்துவிடும். நிறுத்தும் நேரத்தைக் கூட்டினால் உச்ச வெப்பத்தைக் கொஞ்சம் குறையுங்கள். 10 டிகிரியில் ஆரம்பித்துக் கூம்பைப் பார்த்துத் திருத்தலாம்.

அப்புறம் ஈரம். நன்றாகக் காயாத பாத்திரங்கள் ஒரே தட்டில் சேர்ந்தால், அந்த நீர் ஆவியாகும் வரை அந்தத் தட்டு பின்தங்கும். வெடிக்கும் அபாயம் தனி. கிளேஸ் பூசுவதற்கு முந்தைய முதல் சுடலில் 100 டிகிரிக்குக் கீழேயே சில மணி நேரம் வைத்து உலர்த்திவிட்டு ஏற்றுங்கள்.

கேஸ், விறகுச் சூளைகள்

இங்கே பெரிய தவறு, ஒரே நேரத்தில் மூன்று விஷயங்களைத் திருகுவது. மேலே சூடு அதிகம் என்று டேம்பரை (புகைபோக்கி வழியைத் திறந்து மூடும் தடுப்பை) நகர்த்தி, கேஸைக் கூட்டி, காற்றையும் மாற்றினால், எது வேலை செய்தது என்று உங்களுக்கே தெரியாது. ஒன்றை மட்டும் சிறிதளவு மாற்றி, 15, 20 நிமிடம் காத்திருந்து, மேலும் கீழும் இருக்கும் அளவுகளைக் குறித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். டேம்பரை மூடினால் இந்தச் சூளையில் அடி சூடாகும், அந்தச் சூளையில் உச்சி சூடாகும். அடுத்தவரின் சூத்திரத்தை அப்படியே எடுக்க வேண்டாம்.

பர்னருக்கும் பாத்திரங்களுக்கும் நடுவே இருக்கும் தடுப்புச் சுவரைப் பலர் கவனிப்பதே இல்லை. சுவரை உயர்த்தினால் தீ மேலே போகும். ஒரு வரிசை செங்கலைக் குறைத்தாலோ இடையில் இடைவெளி விட்டாலோ கீழ்ப்பகுதிக்கு வெப்பம் கிடைக்கும். ஒரு பக்கம் மட்டும் பின்தங்கினால் முதலில் அந்தப் பக்கத்துப் பர்னரில் அடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

விறகில், ஒரே தடவையில் நிறையப் போட்டு நிரப்புவதுதான் தவறு. தணல் குவிந்து காற்று வரும் வழி அடைபடும், வெப்பம் ஏறி ஏறி இறங்கும். கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு வாய் இருந்தால் மாற்றி மாற்றி, கடைசிக் கட்டத்தில் மெல்லிய காய்ந்த துண்டுகளாகப் போடுங்கள்.

உண்மையிலேயே காயில்தான் காரணமா?

சில சமயம் ஆம். காயில் வயதாக ஆக அதன் மின்தடை கூடும், வெப்பம் குறையும். மல்டிமீட்டரால் அளந்து புதிதாக இருந்தபோது குறித்த அளவோடு ஒப்பிடுங்கள். சுமார் 10 சதவீதம் கூடியிருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. அளக்கும் முன் மெயின் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மின்னழுத்தமும் முக்கியம். அது 10 சதவீதம் குறைந்தால் சூளையின் சக்தி ஏறக்குறைய 19 சதவீதம் குறைகிறது. எல்லாத் தட்டும் ஒன்றாக மந்தமானால் இதைச் சந்தேகப்படுங்கள். மூடியில் விரிசல், கதவோரத்தில் இடைவெளி இருந்தால் அந்த ஓரம் மட்டும் பின்தங்கும்.

கூம்புகள் எல்லாம் ஒரே மாதிரி சாய்ந்திருந்தும் மேட் (பளபளப்பில்லாத) கிளேஸ் ஒரு தட்டில் பளபளப்பாகவும் இன்னொரு தட்டில் மங்கலாகவும் வந்தால், பிரச்சினை ஏறும்போது இல்லை, இறங்கும்போது. மெதுவாகக் குளிரும்போதுதான் மேட் கிளேஸில் படிகங்கள் வளரும். இளக்கமாக அடுக்கிய தட்டு வேகமாகக் குளிர்ந்திருக்கும். மின்சூளை என்றால் கிளேஸைப் பொறுத்து உச்சியிலிருந்து 800 டிகிரி வரையாவது கட்டுப்பாட்டுடன் இறக்கிப் பாருங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் அரைக் கூம்பு அளவு (அடுத்தடுத்த இரண்டு கூம்பு எண்களுக்கு இடையே உள்ளதில் பாதி) வித்தியாசம் மிஞ்சலாம். அதை விரட்டிக்கொண்டே இருக்க வேண்டாம். கொஞ்சம் குறைந்த வெப்பத்திலேயே உருகும் கிளேஸைக் குளிர்ந்த மூலைக்கும், ஓடாத கெட்டியான கிளேஸைச் சூடான மூலைக்கும் ஒதுக்குங்கள். என் சூளையின் அடித்தட்டு இன்றும் கொஞ்சம் பிந்தித்தான் வேகிறது. அங்கே வைப்பதற்கென்றே இப்போது ஒரு கிளேஸ் வைத்திருக்கிறேன்.