வெந்நீரின் தரத்தை எக்ஸர்ஜியால் அளப்பது எப்படி?

நீடித்த வளர்ச்சியை மதிப்பிட, எத்தனை யூனிட் செலவானது என்று எண்ணினால் மட்டும் போதாது. ஆற்றல் அழிவதில்லை, அதன் வேலை செய்யும் திறனே அழிகிறது. அத்திறனுக்கு எக்ஸர்ஜி என்ற பெயரை 1956-இல் ஸோரான் ராண்ட் சூட்டினார்.

முதலில் சுற்றுப்புற வெப்பநிலையைக் கெல்வினில் குறித்துக்கொள்ளுங்கள். 27 டிகிரி செல்சியஸ் என்பது 300 கெல்வின். அந்நிலையிலுள்ள ஒரு கிலோ நீரை 47 டிகிரிக்கு, அதாவது 320 கெல்வினுக்குச் சூடாக்க, இழப்பே இல்லாத மின்சார கீசர்கூடச் சுமார் 84 கிலோஜூல் எடுத்துக்கொள்ளும். இனி, வெப்பநிலை உயர்வான 20-இலிருந்து, 320/300 என்ற விகிதத்தின் இயல் மடக்கையை (கால்குலேட்டரில் ln) 300-ஆல் பெருக்கினால் வரும் 19.36-ஐக் கழித்து, மீதியை நீரின் தன்வெப்ப ஏற்புத்திறனான 4.18-ஆல் பெருக்குங்கள். கிடைக்கும் எக்ஸர்ஜி 2.7 கிலோஜூல்தான். மின்சாரம் முழுவதும் எக்ஸர்ஜியே என்பதால், நூறு விழுக்காடு திறனுள்ளதாகத் தோன்றிய கீசரின் உண்மைத் திறன் 3 விழுக்காட்டைச் சற்றே தாண்டுகிறது. 35 விழுக்காட்டுத் திறனுள்ள அனல்மின் நிலையத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ 1 விழுக்காடே தேறும். சுற்றுப்புறக் காற்றின் வெப்பத்தையும் இழுத்து நீருக்கு ஏற்றி, ஒரு பங்கு மின்சாரத்துக்கு மூன்று பங்கு வெப்பம் தரும் ஹீட் பம்ப் இதை மும்மடங்காக்கும்.

சூரிய நீர்சூடாக்கியும் இக்கணக்கில் குறைந்த மதிப்பையே பெறும். ஆகவே நாள்தோறும் வந்துசேரும் வெயிலையும், எரித்தால் தீர்ந்துபோகும் நிலக்கரியையும் தனித்தனியே எழுதுங்கள். இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகக் காட்டும் அறிக்கைகளை நான் ஏற்பதில்லை. கருவியைத் தயாரிக்கச் செலவான எக்ஸர்ஜியையும் அதன் ஆயுட்காலத்துக்குப் பகிர்ந்து சேர்க்க வேண்டும். புகையின் நச்சுத்தன்மையை எக்ஸர்ஜி கணக்கு சொல்லாது. அதற்குத் தனி அளவீடு தேவை.